கார்விங்குக்கு எவ்வளவு அகலக்கால் வைக்கலாம்?

மார்ச் வந்தால் பாலக்காட்டில் வெயில் 40 பாகையைத் தொடும். இந்தக் கணவாய்ப் பக்கத்திலிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்குக் கிளம்புகிறவருக்குப் பனியில் கிடைப்பது ஐந்தாறு நாள்தான். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டுக்குப் போன சாக்கில் ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சரிவில் ஏறுகிறவருக்கோ சில மணி நேரம். அதில் பாதியை ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் போக்கிவிடக் கூடாது. ஸ்னோபோர்டில் (பனிச்சறுக்குப் பலகையில்) பூட்டைப் பிடித்து வைக்கும் இரண்டு பைண்டிங்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை வாளையாரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ வீட்டுத் தரையிலேயே ஏறக்குறைய முடித்துவிடலாம்.

ஆளாளுக்கு ஓர் எண் சொல்வதுதான் குழப்பம். போர்டில் அச்சிட்ட குறிப்படி மாட்டினால் 56 செமீ வருகிறது. தரையிலிருந்து முழங்கால் சில்லு வரை அளந்தால் 48. தோள் அகலத்துக்கு மேல் கொஞ்சம் வை என்கிறார் நண்பர். தாவிக் குதித்து விளையாடுகிறவரும், எட்ஜை, அதாவது போர்டின் விளிம்பை, பனியில் அழுத்திக் கோடு கிழித்துப் போகிறவரும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டியதில்லை. இங்கே பேசுவது இரண்டாமவர் செய்யும் கார்விங்கைப் பற்றி மட்டும்.

கீழே வரும் எண்கள் 165 முதல் 170 செமீ உயரம், 26 செமீ பாதம், சாஃப்ட் பூட், 154 முதல் 158 செமீ வரை நீளமுள்ள போர்டு ஆகியவற்றுக்கானவை. உயரம் வேறானால் விகிதத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உயரத்தில் 0.28 பங்கு குறுகல், 0.30 முதல் 0.31 நடு, 0.33-க்கு மேல் அகலம்.

அளவை எங்கிருந்து எடுப்பது

முன் பைண்டிங்கின் டிஸ்க் (பைண்டிங்கைப் போர்டில் ஸ்குரூவால் பிடிக்கும் வட்டத் தகடு) நடுவிலிருந்து பின் பைண்டிங்கின் டிஸ்க் நடு வரை உள்ள தூரம்தான் ஸ்டான்ஸ் அகலம். தையல் டேப் போதும். பூட்டின் வெளி விளிம்பிலிருந்தோ குதிகாலிலிருந்தோ அளந்தால் தப்பான எண் வரும், ஏனென்றால் கோணம் மாறினால் குதிகால் இடம் மாறிவிடும்.

பலர் கவனிக்காத விஷயம் இது. கணுக்கால் மூட்டு பாதத்தின் நடுவில் இல்லை; 26 செமீ பாதத்தில் நடுவுக்குப் பின்னால் ஏறத்தாழ 6.5 செமீ தள்ளி இருக்கிறது. டிஸ்க் அகலம் 54 என்று வையுங்கள். பாதம் போர்டுக்குக் குறுக்கே நேராக நின்றால் கோணம் 0; நோஸ் (போர்டின் முன் நுனி) பக்கம் திரும்பினால் கூட்டல், டெயில் (பின் நுனி) பக்கம் திரும்பினால் கழித்தல். முன்கால் +15, பின்கால் −12 என்று டக் நிலையில் (வாத்து போல இரு பாதமும் வெளிப்புறம் விரிய) நின்றால் இரண்டு கணுக்காலும் உள்ளே நெருங்கி, உண்மையில் நீங்கள் நிற்பது 51 செமீ அகலத்தில். அதே 54-ல் முன்கால் +27, பின்கால் +12 என்று இரண்டையும் முன்னோக்கித் திருப்பினால் 52.4. அதாவது டேப்பில் அதே எண் இருந்தும் கால் ஒன்றரை செமீ கூடுதலாக அகட்டப்பட்டுவிடுகிறது. முன்னோக்கிய கோணத்துக்கு மாறுகிறவர்கள் இடைவெளியைக் குறைக்க வேண்டி வருவதற்கு இது ஒரு காரணம்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு கணுக்காலும் டெயில் பக்கமாக நகர்வதால் உடம்பின் நடு ஏறத்தாழ 2 செமீ பின்னே போய்விடுகிறது. போர்டில் ஏற்கெனவே 2 செமீ செட்பேக் (நிற்கும் இடத்தின் நடு போர்டின் நடுவுக்குப் பின்னால் தள்ளி இருப்பது) இருந்தால் மொத்தம் 4. நோஸ் பிடிக்காமல் வழுக்குகிறது, வளைவைத் தொடங்க முடியவில்லை என்று அகலத்தின் மேல் பழி போடுகிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கோணம், பிறகு நடு, கடைசியில் அகலம்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பின்கால் முழங்கால். உட்கார்ந்து எழும்போது சில்லு பாதத்தின் இரண்டாம் விரலை நோக்கிப் போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் மூட்டின் உள்பக்கம் முறுக்குப்படும். கார்விங்கில் வளைவின் கடைசிப் பகுதியில் உடல் எடையைக் காட்டிலும் அதிகமான பாரம் காலில் இறங்கும். அந்த நேரத்தில் முழங்கால் கோணல் என்றால் இரண்டாம் நாளே வலி எடுக்கும். சொகுசு என்று நான் சொல்வது நிற்கும்போது இருக்கும் சொகுசை அல்ல, பாரம் ஏறும்போது இருப்பதை.

இரண்டாவது, போர்டு வளைவது. டீக்கடைப் பலகை பெஞ்சில் இரண்டு பேர் நடுவில் நெருங்கி உட்கார்ந்தால் பலகை தொய்யும். அதே இருவர் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தால் தொய்யாது. இரண்டு பைண்டிங்கும் போர்டுக்கு அப்படித்தான். காலை நெருக்கினால் நடுப்பகுதி எளிதில் வளையும், அகட்டினால் அதே எடைக்குக் குறைவாக வளையும். சைட்கட் (போர்டின் பக்க விளிம்பில் உள்ள உள்வளைவு) ஆரம் 8 மீட்டர் உள்ள போர்டை 45 பாகை சாய்த்து, எட்ஜ் முழுக்கப் பனியில் பதிந்தால் வளைவின் ஆரம் ஏறத்தாழ 5.7 மீட்டராகும், 60 பாகை சாய்த்தால் 4 மீட்டர். அந்த அளவுக்குப் போர்டு வளைந்தால்தான் எட்ஜ் முழுவதும் பதியும். எடை 60 கிலோவுக்குக் கீழ், வேகம் குறைவு, போர்டு விறைப்பு என்றால் அகன்ற ஸ்டான்ஸில் அது நடக்காமலே போகலாம்.

மூன்றாவது, எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றும் சுலபம். வளைவைத் தொடங்கும்போது முன்னே, முடிக்கும்போது மெல்லப் பின்னே. கால் ரொம்ப அகன்றால் இடுப்பு நடுவில் சிக்கி நின்றுவிடும்.

நிலைப்பும் வேண்டும்தான். ஆனால் அகன்று நின்றால் புவியீர்ப்பு மையம் தாழும் என்று சொல்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பு மூட்டுகளுக்கு நடுவே 18 செமீ, காலின் நீளம் 80 செமீ என்றால், 48-லிருந்து 56-க்கு அகட்டும்போது இடுப்பு தாழ்வது 1 செமீகூட இல்லை. உண்மையான லாபம் வேறு: முன்பின்னாகக் கிடைக்கும் ஆதாரம் ஆறில் ஒரு பங்கு நீள்கிறது. கரடுமுரடான பனியில் அது கைகொடுக்கும். விரல் பக்கமாகவோ குதி பக்கமாகவோ விழுவதை அகலம் தடுக்காது.

குறுகல்: 46 முதல் 49 செமீ

முன்கால் +27 முதல் +36, பின்கால் +12 முதல் +24 வரை வைக்கிறவர்களுக்கு இதுதான் இயல்பாகப் பொருந்தும். முழங்கால்கள் இரண்டும் ஒரே திசை பார்ப்பதால் இடுப்பையும் தோளையும் நோஸ் பக்கம் திருப்புவது சுலபம். எட்ஜ் மாறுவது சட்டென்று நடக்கும். ஸ்கீ துபாய் மாதிரி மிக நீளமான ஓட்டமே சுமார் 400 மீட்டராக இருக்கும் இடத்தில் வேகம் பெரிதாக ஏறாது. அங்கே போர்டை வளைக்க இந்த அகலம் உதவும்.

ஹார்ட் பூட்டில் (கெட்டி பிளாஸ்டிக் பூட்டில்) 50 முதல் 60 பாகை வரை கோணம் வைக்கும் ஆல்பைன்காரர்களும் இந்தப் பக்கம்தான். கவட்டை உயரத்தை 0.6-ஆல் பெருக்கி அவர்கள் தொடங்குவது வழக்கம்: 78 செமீ என்றால் 46.8. முன்காலில் விரல் பக்கமும் பின்காலில் குதி பக்கமும் ஆப்பு வைத்து உயர்த்தினால் இன்னும் ஒன்றிரண்டு செமீ தாராளமாக நிற்கலாம்.

எங்கே கைவிடும்? மதியத்துக்கு மேல் உழுது போட்ட பனியில். நோஸும் டெயிலும் காலுக்கு வெளியே நீளமாக மிஞ்சி நிற்பதால் மேடுபள்ளத்தில் அடிபட்டுத் துடிக்கும். எடை ஓர் இம்மி பின்னே போனாலும் டெயில் கழன்று ஓடும். மென்மையான போர்டில் இதைச் செய்தால் நடு மட்டும் அளவுக்கு மீறி வளைந்து, இரு முனையிலும் பிடி குறைந்துவிடும். குறுகலுக்குச் சற்று விறைப்பான போர்டு வேண்டும் என்பது இதன் மறைமுகச் செலவு.

இன்னொரு சின்னக் கணக்கு: போர்டு நடுவில் ஒல்லி, வெளியே போகப் போக அகலம். 8 மீட்டர் சைட்கட்டில் 56-லிருந்து 50-க்கு உள்ளே வந்தால் காலடியில் போர்டு இரு பக்கமும் ஏறக்குறைய 1 மிமீ ஒல்லியாகிறது. பூட் ஏற்கெனவே விளிம்பில் உரசுகிறவருக்கு அதுவும் கணக்கில் சேரும், மற்றவர்கள் மறந்துவிடலாம்.

நடு: 50 முதல் 53 செமீ

சாஃப்ட் பூட்டில் கார்விங் கற்றுக்கொண்டிருக்கும் பெரும்பாலோர் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் தீர்மானம். முன்கால் +21 முதல் +27, பின்கால் +3 முதல் +9. முழங்கால் கோணாமல் ஆழமாக உட்காரலாம், இடுப்பை முன்னும் பின்னும் தள்ளலாம், பனி கெட்டாலும் சமாளிக்கலாம். கோணத்தைப் பிறகு மாற்றிக்கொண்டாலும் அகலத்தை ஒன்றிரண்டு செமீ தொட்டால் போதும்.

குறை என்று சொன்னால், எதிலும் உச்சம் கிடையாது. வேகத்தில் 56 தரும் ஊன்றல் இதில் வராது, 48 தரும் சுறுசுறுப்பும் வராது. ஐந்து நாள் பனிக்கு அது நஷ்டமே இல்லை.

அகலம்: 54 முதல் 58 செமீ

இந்த உயரக்காரர் யாரும் கேட்டு வாங்காமலே இதில் போய் நிற்கிறார். ஆண்களுக்கான 156, 158 போர்டுகளில் அச்சிட்ட குறி 54, 56 என்று வருவது சகஜம். வாடகைக் கடைக்காரரும் அந்தக் குறியில்தான் மாட்டித் தருவார். அந்த நீளப் போர்டை 175, 180 செமீ ஆளும் ஓட்டுவார் என்பதை மனதில் வைத்துப் போட்ட குறி அது. உங்கள் காலுக்காகப் போட்டது அல்ல.

டக் கோணத்தில் நிற்கிறவருக்கு 54, 55 வரை தவறில்லை. மேலே பார்த்தபடி கணுக்கால்கள் உள்ளே நெருங்கிவிடுகின்றன. குல்மார்க்கில் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறி அபர்வாட் சரிவில் புதைபனியில் இறங்குகிறவருக்கும், குதிக்கிறவருக்கும், தொடை பலமான கனத்த ஆளுக்கும் அகலம் உதவும். கட்டிதட்டிய பனியில் வேகமாக, நீண்ட வளைவாகப் போகும்போதும் நிலைப்பு தெரியும்.

முன்னோக்கிய கோணத்தோடு இதைச் சேர்ப்பதுதான் வம்பு. +27/+12 வைத்துக்கொண்டு 56-ல் நின்றால் பின்கால் முழங்கால் உள்ளே விழுந்தே தீரும். விழாமல் பிடித்து வைத்தால் இடுப்பு திரும்பாது. ஹீல் எட்ஜில் (குதி பக்க விளிம்பில்) உட்காரும்போது பிட்டம் வெளியே போய், மேல் உடம்பு முன்னே கவிழ்ந்து, எட்ஜ் தடதடவென்று அதிரும். பனிதான் மோசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூட்டுக்கும் பங்கு உண்டு. கால் நீட்டி நிற்கும்போது 48-ல் ஒவ்வொரு காலும் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை வெளியே சாய்கிறது, 56-ல் 14. அந்த 3 பாகையைக் கணுக்காலும் பூட்டின் பக்கச் சுவரும் தாங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்த அடித்தட்டு உள்ள பைண்டிங்குகள் இதைச் சரிக்கட்டத்தான். அகலம்தான் வேண்டும் என்கிறவர் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

| அளவுகோல் | 46–49 | 50–53 | 54–58 |
|---|---|---|---|
| பொருந்தும் கோணம் | +30/+18 சுற்றி | +24/+6 சுற்றி | +15/−9 சுற்றி |
| பின் முழங்கால் | முன்னோக்கிய கோணத்தில் சுகம், டக்கில் நெருக்கடி | இரண்டுக்கும் பரவாயில்லை | டக்கில் சுகம், முன்னோக்கினால் வலி |
| எட்ஜ் மாற்றம் | சட்டென்று | நிதானம் | உழைப்பு வேண்டும் |
| போர்டு வளைவு | எளிது, மென்போர்டில் அளவு மீறும் | எளிது | எடையோ வேகமோ வேண்டும் |
| கெட்ட பனி | துடிக்கும் | சமாளிக்கும் | ஊன்றி நிற்கும் |
| கூடுதல் செலவு | விறைப்பான போர்டு | இல்லை | சாய்ந்த அடித்தட்டு, தொடை வலி |

மாற்றும்போது தெரியாமல் சேரும் செலவு

4×4 வரிசையில் ஸ்குரூ ஓட்டைகள் உள்ள போர்டில் ஒரு படி 4 செமீ. 2×4 உள்ளதில் 2 செமீ. இரண்டு பைண்டிங்கையும் ஒரு படி உள்ளே தள்ளினால் மொத்தம் 4 அல்லது 8 செமீ குறைந்துவிடும். 56-லிருந்து 53-க்கு வர விரும்புகிறவருக்கு அது தாண்டிப் போகிற தூரம். சரி, முன் பைண்டிங்கை மட்டும் 2 செமீ உள்ளே நகர்த்துவோம் என்றால் நடு 1 செமீ பின்னே போகிறது. கார்விங்குக்கு அது வேண்டாத பரிசு. பின் பைண்டிங்கை மட்டும் உள்ளே நகர்த்தினால் நடு முன்னே வரும். முன்னோக்கிய கோணத்தால் பின்னே போன உடம்புக்கு அது நல்லதே.

நுண்ணிய மாற்றத்துக்கு டிஸ்கில் உள்ள பல ஓட்டைகளைப் பயன்படுத்தலாம். இங்கே ஒரு கொக்கி. டிஸ்கை நீளவாக்கில் வைத்து அகலத்தைத் திருத்தினால், அதையே குறுக்குவாக்கில் திருப்பிப் பூட்டை விரலுக்கும் குதிக்கும் நடுவாக வைக்கும் வசதி போய்விடும். ஒரு பக்கம் பூட் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் சாய்க்கும்போது அது பனியில் உரசி எட்ஜைத் தூக்கிவிடும், வழுக்கி விழ வேண்டியதுதான். அகலத்தில் அரை செமீயா, பூட் நடுவா என்று வந்தால் பூட் நடுவைக் காப்பாற்றுங்கள். ஓட்டைகளுக்குப் பதில் நீளப் பள்ளம் உள்ள பர்ட்டன் சேனல் போர்டுகளில் பைண்டிங்கை நீளத்தில் விரும்பியபடி தள்ளலாம், இந்தத் தொல்லை இல்லை.

ஸ்குரூ எம்6. அதற்கு 3-ஆம் எண் பிலிப்ஸ் முனை வேண்டும். வீட்டில் கிடக்கும் 2-ஆம் எண்ணால் திருகினால் தலை மழுங்கும். குறைந்தது ஐந்து முழுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். நான்கையும் பாதி இறக்கிவிட்டு, மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். கை இறுக்கம் போதும். டிரில் மிஷின் வைத்து முடுக்கினால் அடிப்பக்கத்தில் குழி விழும், ஸ்குரூ இறங்கும் உலோக மரையான இன்செர்ட்டே கழன்றும் வரலாம். குளிரில் பிளாஸ்டிக் சற்றுச் சுருங்குவதால் பாலக்காட்டில் இறுக்கியது குல்மார்க்கில் தளரும். முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள். ஸ்குரூ டிரைவரைச் செக்-இன் பையில் போடுங்கள், விமானத்தில் கைப்பையோடு விடமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பைண்டிங்கைக் கழற்றி ஸ்குரூவைத் துடைத்து வையுங்கள். இடவப்பாதி மழையின் ஈரத்தில் எட்ஜும் ஸ்குரூவும் துருப்பிடிக்கும். எட்ஜில் தையல் மிஷின் எண்ணெய் தடவலாம். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் போட வேண்டாம்; பனிப் பக்கம் போனதும் கட்டியாக உறைந்து இன்செர்ட் மரையை அடைத்துக்கொள்ளும்.

பனி இல்லாமல் சோதிப்பது

1. இரண்டடி டைல்ஸ் தரையில் ஒரு நேர் இணைப்புக் கோட்டை போர்டின் நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 48, 51, 54 செமீ இடைவெளியில் மாஸ்கிங் டேப்பால் குறியிடுங்கள். கோணத்தைப் பள்ளிக்கூடப் பாகைமானியால் குறியுங்கள். பாகைமானியில் கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதுதான் 0.

2. பூட்டை இறுக்கிக் கட்டி, பாதத்தின் நடு குறியில் வரும்படி நில்லுங்கள். முழங்காலை மடக்கிப் பாதி உட்காருங்கள். யாரையாவது எதிரே நின்று பின்கால் சில்லு எங்கே பார்க்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். தானே குனிந்து பார்த்தால் உடம்பு திரும்பி ஏமாற்றும்.

3. உட்கார்ந்த நிலையிலேயே இடுப்பை முன்காலுக்கு மேல் கொண்டுபோய், பிறகு பின்காலுக்குக் கொண்டுவாருங்கள். தோளைச் சாய்க்காமல் முடியவில்லை என்றால் அகலம் அதிகம்.

4. இருபது முறை விரல் நுனிக்கும் குதிக்கும் மாறுங்கள். முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தாலோ முன்பின்னாகத் தள்ளாடினாலோ குறுகல்.

5. தேறிய அகலத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து நிலைத்திருங்கள், ஐந்து தடவை. மறுநாள் தொடை வலித்தால் கவலையில்லை. முழங்காலின் உள்பக்கம் வலித்தால் 2 செமீ குறையுங்கள், அல்லது பின்கால் கோணத்தை 3 பாகை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

சர்ஃப்ஸ்கேட் (அலைச்சறுக்கு போல வளைந்து ஓடும் சக்கரப் பலகை) வைத்திருப்பவர்கள் அதில் நிற்கும் அகலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கால் கட்டப்படவில்லை, ஓடும்போதே நகர்ந்துகொள்ளும்.

யாருக்கு எது

முதல் தடவை, வாடகைப் போர்டு: கடைக்காரரிடம் உங்கள் எண்ணைச் சொல்லி 52-க்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள், மாற்ற மறுத்தால் ஒரு படி நீளம் குறைந்த போர்டைக் கேளுங்கள், குறியும் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். சொந்தப் போர்டு, +24/+6: 51-ல் தொடங்கி, தேவைப்பட்டால் உள்ளே போங்கள், வெளியே அல்ல. ஏற்கெனவே எட்ஜில் நம்பிக்கை வந்து +30/+18-க்கு மாறுகிறவருக்கு 48, 49. முழங்காலில் பழைய அடி இருந்தால் அகலத்தை விடக் கோணத்தைத் தளர்த்திப் பாருங்கள். குல்மார்க் போய்ப் புதைபனியும் கார்விங்கும் இரண்டும் வேண்டும் என்கிறவருக்கு 53, டக் கோணம், முன்னோக்கிய கோணத்துக்கு ஆசைப்படாமல்.

அண்ணனும் தம்பியும் ஒரே போர்டை மாற்றி ஓட்டும் வீடுகளும் உண்டு. உயர வித்தியாசம் 5 செமீக்குள் என்றால் குள்ளமானவரின் அகலத்திலேயே மாட்டி வையுங்கள். உயரமானவர் 2 செமீ குறுகலில் நின்றால் கொஞ்சம் தடுமாறுவார், அவ்வளவுதான்; மற்றவர் 2 செமீ அகலத்தில் நின்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். வித்தியாசம் அதற்கு மேல் என்றால் இருவரின் ஓட்டைகளையும் இரண்டு நிற நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றாமல் காலை ஒருவர், மதியம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கெட்டியான காலைப் பனி யாருக்கு என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.